எழுபத்திரண்டு என்று எழுதினேன்

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். பேச்சுக்கு நடுவே நான் என் இடது மணிக்கட்டை வலது கைவிரலால் பிடித்துக்கொண்டிருந்தேனாம். "அப்பா தனக்குத்தானே வைத்தியம் பாக்காரு" என்று சின்னவன் சொன்னான். பெரியவளுக்குச் சோறு புரையேறிவிட்டது. உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கும் பாதிதான் தெரியும். மீதியையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். உடம்பைப் பற்றிப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு உடம்பு உழைத்தால் என்ன ஆகும், உழைப்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை என் உடம்பிலேயே எண்ணிப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் அந்த எண்ணிக்கை என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை, நிற்க விடவில்லை.

சீனச் சண்டை முடிந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. நான் இந்தத் தீவின் ஹேடோ துறைமுகத்தில் தற்காலிகக் கூலியாக மூட்டை சுமந்துகொண்டிருந்தேன். மெயின்லேண்டிலிருந்து அரிசிக் கப்பல் வந்தால் விஞ்சு எந்திரம் வலையில் அள்ளி மூட்டைகளைக் கரையில் இறக்கும். அங்கிருந்து அரிசி அடுக்கும் கோடௌன் வரைக்கும் எங்கள் முதுகுதான் வண்டி. ஒரு மூட்டை எழுபத்தைந்து கிலோ. எங்கள் கூட்டத்தில் எட்டுப் பேர். தெலுங்கர் ஒருவர், ராஞ்சிக்காரர்கள் நாலு பேர், வங்காளிகள் இருவர், நான். தெலுங்கர்தான் என் ஜோடி. அவர் முதுகில் நான் ஏற்றுவேன், என் முதுகில் அவர் ஏற்றுவார். எட்டுப் பேருக்கும் பொதுவான பாஷை ஹிந்தி. அவரவர் பாஷையைக் கொஞ்சம் கலந்து ஒரு மாதிரி பேசிக்கொள்வோம்.

ஒரு நாள் எங்கள் மேஸ்திரி, தற்காலிக ஆட்களில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று செய்தி கொண்டுவந்தார். மூன்று மாதத்தில் டாக்டர் உடம்பைப் பார்ப்பார். அதில் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்துவார்கள். பெரியவளே, உனக்கு அப்போது மூன்று வயது. சின்னவன் வயிற்றில் இருந்தான். ஜங்லிகாட் மேட்டில் ஒரு தகர வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வேலை போனால் அடுத்த கப்பலில் தூத்துக்குடிப் பக்கம் திரும்ப வேண்டியதுதான். அங்கே எனக்குக் காத்திருந்தது உப்பளம். என் அப்பா அந்த உப்பளத்தில்தான், நாற்பது வயதில், உப்பு வாரிக்கொண்டிருந்தவர் கொஞ்சம் உட்காருகிறேன் என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்த மாதம்தான் துறைமுகத்தில் முதலுதவி வகுப்பு வைத்தார்கள். சண்டைக்குப் பிறகு எல்லா இடத்திலும் அப்படி வைத்தார்கள். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வர வேண்டும். எங்கள் கூட்டத்தில் எழுதத் தெரிந்தவன் நான் மட்டுமே என்பதால் மேஸ்திரி என்னை அனுப்பினார். கோடௌனுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் ஆறு பேர் பெஞ்சில் உட்கார்ந்தோம். மூட்டைக் கணக்கு எழுதும் மலையாளி கிளார்க், ஸ்டோர் கீப்பர், விஞ்சு ஓட்டுகிறவர், ஆபீஸ் ஆட்கள் இருவர், நான். பாடம் எடுக்க வந்தவர் முன்பு பட்டாளத்தில் காயத்துக்குக் கட்டுப் போட்டவர். ஹிந்தியில் பேசினார்.

கட்டுப் போடுவது, எலும்பு முறிந்தால் பலகை வைப்பது எல்லாம் நன்றாகத்தான் போனது. மூன்றாம் நாள் நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். கட்டைவிரல் கூடாது, நடு விரல்களை வை, அழுத்தாதே, எண்ணு. ஆரோக்கியமான மனிதனுக்கு ஒரு நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு என்று கரும்பலகையில் பெரிதாக எழுதினார். கைக்கடிகாரத்தைப் பார்த்து "ஷுரு" என்றார். நாங்கள் எண்ணினோம். "பஸ்" என்றதும் நிறுத்தினோம்.

நாற்பத்தாறு.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாம் முறை எண்ணச் சொன்னார். நாற்பத்தேழு. பக்கத்தில் ஒவ்வொருவரும் தம் எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். எழுபத்தாறு, எழுபத்துநாலு, கிளார்க்குக்கு எண்பது. என் முறை வருவதற்குள் அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். ஒருவன் மயங்கி விழப் போகிறான் என்றால் எப்படித் தெரியும்? முகம் வெளுக்கும், வேர்க்கும், நாடி மெதுவாகும், எண்ணிக்கை குறையும். "தில் டூப் ரஹா ஹை" என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். இதயம் மூழ்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதன்பிறகு ஒரு பெரிய தாளைச் சுற்றுக்கு விட்டார். அவரவர் பேருக்கு எதிரே அவரவர் கையால் நாடி எண்ணிக்கையை எழுத வேண்டும். தாள் என்னிடம் வந்தது. இந்தத் தாளை யார் பார்ப்பார்கள், உடம்பு பார்க்கும் டாக்டர் பார்ப்பாரா, மேஸ்திரி பார்ப்பாரா என்று யோசித்தேன். எழுபத்திரண்டு என்று எழுதினேன்.

கிளார்க் எட்டிப் பார்த்தார். "எழுபத்திரண்டோ? கொறயவும் இல்ல, கூடவும் இல்ல. நீ புஸ்தகத்துல உள்ள ஆளாணல்லோ" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தத் தாளை முதலுதவிப் பெட்டி வைக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஆணியடித்து மாட்டினார்கள்.

அன்றிலிருந்து என் விரல் என் மணிக்கட்டை விட்டு இறங்கவில்லை. ஷெட்டில் நொடி முள் உள்ள சுவர்க்கடிகாரம் இருந்தது. காலையில் வேலை தொடங்கும் முன் அதன் எதிரே நிற்பேன். நாற்பத்தாறு. நாற்பத்தைந்து. வீட்டில் கடிகாரம் கிடையாது. நமது தீவில் வெளிச்சம் சீக்கிரம் வந்துவிடும் அல்லவா, எல்லோரும் எழுவதற்கு முன்னால் வாசல்படியில் உட்கார்ந்து சும்மா எண்ணுவேன். எத்தனை நேரத்துக்கு எத்தனை என்று தெரியாமல் எண்ணி என்ன பயன்? ஆனாலும் எண்ணுவேன். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே வரும் அந்த இடைவெளி இருக்கிறதே, அதில் என் அப்பா உட்கார்ந்திருந்தார்.

பயம் வந்துவிட்டால் எல்லாமே சாட்சி சொல்ல வரும். மூட்டையை இறக்கிய உடனே எண்ணிப் பார்த்தேன், நூற்றி முப்பதுக்கு மேல் துள்ளியது. அரை பீடி புகைக்கும் நேரத்துக்குள் அறுபதுக்கு இறங்கிவிட்டது. அணையப் போகிற விளக்கும் இப்படித்தான் ஒரு முறை எரிந்து உடனே தணியும் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்று, இந்தத் தீவுக்கு வந்த புதிதில் என் சட்டை முதுகில் வேர்வை காய்ந்தால் வெள்ளைக் கோடு கோடாக உப்புப் பூத்திருக்கும். இப்போது சட்டை பிழியும் அளவுக்கு வேர்த்தாலும் கோடு இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்தேன், தண்ணீர் மாதிரி இருந்தது. உப்பளத்தில் பிறந்தவன் உடம்பில் உப்புத் தீர்ந்துபோனது என்று முடிவு செய்தேன். சோற்றில் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுப் பிசைந்தேன். உங்கள் அம்மா தட்டைப் பார்த்துவிட்டு, "கருவாடா போடுதீய, ஒங்களயே?" என்றாள்.

அவளிடம் சொல்லவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் எதைச் சொல்வது? ஒரு நாள் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது என் இடக்கையை அவள் மணிக்கட்டிலும் வலக்கையை என் கழுத்திலும் வைத்துப் பார்த்தேன். என்னுடையது ஒன்று அடிப்பதற்குள் அவளுடையது இரண்டு அடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் ஒரு வழி கிடைத்த மாதிரி இருந்தது. மூட்டைக் கணக்கு எழுதும் கிளார்க்குகளில் ஒருவர் கல்யாணத்துக்காக மெயின்லேண்டு போனார். போனால் கப்பல் கிடைத்துத் திரும்பி வர இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்த இடத்தில் உட்கார எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார் மேஸ்திரி. நான் கையைத் தூக்கினேன். என் கணக்கு இதுதான்: வகுப்பில் இருந்த, உட்கார்ந்து வேலை பார்க்கிற ஐந்து பேருக்கும் எழுபதுக்கு மேல் இருக்கிறது. எனக்கு மட்டும் இல்லை. மூட்டை என் இதயத்தைத் தேய்த்துவிட்டது. ஓய்வு கொடுத்தால் ஏறும்.

என் ஜோடிக்காரத் தெலுங்கருக்குக் கோபம். "ரெண்டு வருஷம் என் முதுகுல நீ, உன் முதுகுல நான். இப்போ ஆபீஸ் பாபு ஆயிட்டே. போ பாபு சாப், நாற்காலில பைட்டோ" என்று சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். என் இடத்துக்குப் புதிதாக ஓர் ஆளைச் சேர்த்தார்கள்.

ஏறியது. அதுதான் வேடிக்கை. இரண்டு வாரத்தில் ஐம்பது. ஒரு மாதத்தில் ஐம்பத்தைந்து. அதற்கு மேலும் போனது. ஐம்பத்தெட்டு என்று எண்ணிய அன்று ஜங்லிகாட் கடையில் ஜிலேபி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பெரியவளே, நீ முகமெல்லாம் பாகாக்கிக்கொண்டாய்.

ஆனால் எண் ஏற ஏற உடம்பு வேறு கதை சொன்னது. உட்கார்ந்த இடத்தில் கால் நிற்காது. தொடை தானாக ஆடும். "எடோ, காலாட்டாதே. மேசை குலுங்குது, என் எழுத்து கோணிப்போகுது" என்று கிளார்க் அதட்டுவார். நிறுத்துவேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆடும். மூட்டை சுமந்த காலத்தில் படுத்ததும் கல் மாதிரித் தூங்குவேன். இப்போது பாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டேன். பசி குறைந்தது, தொப்பை மட்டும் வந்தது. தோளில் மாட்டுக்கொம்பு மாதிரி இருந்த காய்ப்பு வெளுத்து உரிந்தது. ஒன்றுமில்லாததற்கு உன்மேல் எரிந்து விழுந்தேன், பெரியவளே. உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

தெருக்குழாய் மேட்டுக்குக் கீழே இருந்தது. காலையில் இரண்டு வாளித் தண்ணீரை நான்தான் மேலே தூக்கிவருவேன். முன்பெல்லாம் பாட்டு முனகிக்கொண்டு ஏறுவேன். ஒரு நாள் பாதியில் வாளியை வைத்துவிட்டு நின்றேன். இன்னும் கொஞ்ச தூரத்தில் இன்னொரு முறை. உங்கள் அம்மா மேலே வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு எடத்துல நின்னுட்டீய."

"வாளி கனமாட்டு இருக்கு."

"போன மாசமும் அதே வாளிதான். மூட்டை தூக்குனப்ப ஒங்களுக்கு மூச்சு வாங்கி நான் பாத்ததில்ல. நாக்காலில உக்காந்தா வாங்குமோ?"

"வயசாவுதுல்லா."

"முப்பத்திரண்டுல வயசாவுதா? அப்ப நான் கெழவியா?" சிரிக்காமல் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எந்நேரமும் மணிக்கட்டப் புடிச்சிட்டு இருக்கீய. நான் தூங்குதேன்னு நெனச்சு என் கையையும் புடிச்சுப் பாத்தீய. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டீய. சொல்லணும்னு தோணும்போது சொல்லுங்க. ஆனா பொய் சொல்லாதீய."

நான் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தண்ணீர் பாதி என் காலில் கொட்டியது.

பிறகு வந்தது அந்த அரிசிக் கப்பல். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடிப்பதற்குள் இறக்கியாக வேண்டும். எங்கள் கூட்டத்தில் இருவருக்குக் காய்ச்சல். மேஸ்திரி ஷெட்டுக்குள் தலையை நீட்டி, "பாபு சாப், பேனாவ வச்சிட்டு நீச்சே ஆவோ" என்றார். இறங்கினேன்.

முதல் மூன்று மூட்டை ஒன்றும் தெரியவில்லை. பழைய பழக்கம் முதுகுக்கு ஞாபகம் இருந்தது. ஏழாவது மூட்டையில் தொடை நடுங்கியது. பத்தாவதில் காதுக்குள் இரைச்சல். என் தெலுங்கர் ஏற்றிவிடும்போதே, "பாய், உன் கால் ஆடுது, நிறுத்து" என்றார். கேட்கவில்லை. பதினோராவது மூட்டையோடு கோடௌனுக்குச் சாய்த்துப் போட்ட பலகையில் ஏறும்போது முழங்கால் மடங்கியது. மூட்டை என் முதுகிலிருந்து சரிந்து, எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த தெலுங்கரை நோக்கிப் போனது. அவர் தன் மூட்டையை ஒரு பக்கம் எறிந்துவிட்டு மறுபக்கம் குதித்தார். இடுப்பு அடிபட விழுந்தார். என் மூட்டை வெடித்து அரிசி பலகை முழுக்கக் கொட்டியது.

தெலுங்கர் எழுந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டு, "ரெண்டு மாசம் முன்னாடி இதே பலகைல என்னை முந்திட்டு ஓடுவே. அந்தக் காலை எங்க வித்தே?" என்று கேட்டார். அதே நேரம் மழையும் பிடித்துக்கொண்டது. வேலை நின்றது. எல்லோரும் ஷெட்டுக்குள் ஒதுங்கினோம்.

நான் ஒரு மூலையில் உட்கார்ந்து எண்ணினேன். நூற்றி நாற்பது. ஐந்து நிமிஷம் கழித்து நூற்றிப் பத்து. பத்து நிமிஷம் கழித்தும் தொண்ணூறுக்கு மேல். முன்பு அரை பீடிக்குள் அடங்கியது இப்போது அடங்க மறுத்தது.

தெலுங்கர் காலிச் சாக்குகளின் மேல் படுத்தார். அவர் வழக்கம் அது, ஓய்வு கிடைத்தால் எங்கே ஆனாலும் தூங்கிவிடுவார். அரை மணி நேரம் கழித்து எனக்குப் பயம் வந்தது. விழுந்ததில் உள்ளே ஏதாவது ஆகியிருந்தால்? வகுப்பில் சொன்ன மாதிரி மயக்கமாக இருந்தால்? பக்கத்தில் போய் மெதுவாக அவர் மணிக்கட்டில் விரலை வைத்தேன். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்.

நாற்பத்தெட்டு.

அவரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "எந்திரி, எந்திரி."

"க்யா ரே, கப்பல் மூழ்கிடுச்சா?"

"உன் நாடி நாற்பத்தெட்டுதான் இருக்கு. தலை சுத்துதா? நெஞ்சு எப்படி இருக்கு?"

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "பசிக்குது. நீ எழுப்பினதால தூக்கம் போச்சு. வேற ஒண்ணும் இல்ல."

பக்கத்தில் சாய்ந்திருந்த ராஞ்சிக்காரர் ஒருவர் என்ன என்று கேட்டுத் தன் கையையும் நீட்டினார். ஐம்பது. இன்னொருவர் வந்தார், ஐம்பத்திரண்டு. அதற்குள் அது விளையாட்டாகிவிட்டது. "டாக்டர் பாபு, எனக்கு எத்தனை பிள்ளை பிறக்கும்?" என்று வரிசையில் நின்றார்கள். நாற்பத்தேழு. ஐம்பத்துநாலு. என் இடத்துக்கு வந்த புது ஆளுக்கு அறுபது. அவர் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மேஸ்திரி மூட்டை தூக்குவதை விட்டு எத்தனையோ வருஷம், அவருக்கு எழுபத்தாறு. கிளார்க் தானாகவே கையை நீட்டினார், எண்பத்திரண்டு. "ஜெயிச்சது நானல்லோ" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு பேர் வகுப்பில் என் எண்ணை உட்கார்ந்திருக்கிறவர்களின் எண்ணோடு ஒப்பிட்டிருக்கிறேன். என்னோடு தினமும் அதே மூட்டையைச் சுமக்கிறவன் கையை ஒரு முறையாவது பிடித்துப் பார்த்தேனா? இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் இதயம் மூழ்குமா? அப்படி மூழ்குகிறவன் சாக்கின் மேல் குறட்டை விடுவானா?

மழை விடும்வரை யோசித்தேன். புதுக் கூலியின் தோள் முதல் வாரம் ரத்தம் கட்டும். பிறகு காய்க்கும். அதன் பின் மூட்டை ஏறினாலும் தெரியாது. நெஞ்சுக்குள் இருப்பதும் தசைதானே? அதுவும் எங்களோடு சேர்ந்து மூட்டை தூக்கியிருக்கிறது, அதுவும் பலப்பட்டிருக்கிறது. பலசாலி ஒரே நடையில் கொண்டுபோவதை நோஞ்சான் இரண்டு நடையாகக் கொண்டுபோவான். என் இதயம் ஒரு நடையில் கொண்டுபோகக் கற்றுக்கொண்டிருந்தது. நான் அதற்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, இரண்டு நடை நடக்கப் பழக்கிவிட்டேன். அரை பீடிக்குள் அடங்கியது வலிமை. வேர்வையில் உப்பு இல்லாததும்கூட, இந்த வெயிலில் உப்பை வீணாக்காமல் பிடித்துவைத்துக்கொள்ள உடம்பு பழகியதால்தான் இருக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் தலைகீழாகப் படித்திருந்தேன்.

இதெல்லாம் என் ஊகம்தான். சரியென்று சொல்ல அங்கே யாருமில்லை. டாக்டர் வர ஐந்து வாரம் இருந்தது. அன்று என் நாடி ஓய்வில் அறுபத்துநாலு. கிளார்க் வேறு, "வேணுமெங்கில் நீ இங்கயே இரு. நான் மேல சொல்லி உன்ன வச்சுக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். நாற்காலியிலேயே இருந்தால் எழுபதைத் தொட்டுவிடலாம். டாக்டர் ஒன்றும் கேட்கமாட்டார். மறுபடி மூட்டைக்குப் போனால் எண் இறங்கும். டாக்டரும் அந்தப் பட்டாளத்துக்காரர் மாதிரி எழுபத்திரண்டை மட்டும் நம்புகிறவராக இருந்தால்?

அன்று மாலை உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் பொய் எழுதியதை மட்டும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. அவள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டாள். அப்பா பேச்சு வந்தபோது கை நின்றது. முடித்ததும், "நாக்காலில உக்காந்து டாக்டர்ட்ட பாஸாயிருவீய. வேல மூட்டை தூக்குத வேலதான? மறுநாள் அந்த மூட்டய யாரு தூக்குவா, நானா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இன்னைக்கி அந்த மனுசன் மேல விழுந்திருந்தா?" என்று கேட்டாள்.

மறுநாள் சும்மாட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். தெலுங்கர் என்னைப் பார்த்துவிட்டு, ஒரு சின்னப் பருப்பு மூட்டையைத் தேடி எடுத்து என் முதுகில் வைத்தார். "பச்சா மூட்டை, சின்னப் பிள்ளை தூக்குறது. பாபு லோக்குக்கு இதுதான்." ஒரு வாரம் அப்படித்தான் ஏற்றினார். கேலிதான், ஆனால் அந்தக் கேலி என்னைக் காப்பாற்றியது. ஒரேயடியாகப் பழைய பாரத்தை ஏற்றியிருந்தால் முதுகு போயிருக்கும். இரண்டாம் நாள் காலையில் பாயிலிருந்து எழ உங்கள் அம்மா கை கொடுக்க வேண்டியிருந்தது. வேலை செய்த அன்றைவிட மறுநாள்தான் வலி அதிகம். கப்பல் இல்லாத நாட்களில் படுத்துக் கிடந்தேன். எழுந்த பிறகு போன தடவையைவிட இரண்டு மூட்டை கூடுதலாகத் தூக்க முடிந்தது. உடம்பு பாரத்தின் கீழே உடைகிறது, படுத்திருக்கும்போதுதான் தன்னைக் கட்டிக்கொள்கிறது என்று அப்போது தெரிந்துகொண்டேன். நாலாவது வாரத்தில் தூக்கம் வந்தது. பசி வந்தது. கால் ஆடுவது நின்றது. நாடி ஐம்பத்துமூன்று. மனசு மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

டாக்டர் நாளன்று நாங்கள் வரிசையில் நின்றோம். என் முறை வந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பயத்தில் அது கொஞ்சம் வேகமாகவே அடித்திருக்கும், ஆனாலும் அவர் புருவம் உயர்ந்தது.

"க்யா காம் கர்தே ஹோ?"

"மூட்டை தூக்குறேன் சாப்."

தோளில் கட்டைவிரலை அழுத்தினார். புதுக் காய்ப்பு தட்டுப்பட்டிருக்கும். இருபது முறை உட்கார்ந்து எழச் சொன்னார். உடனே எண்ணினார். சற்றுப் பொறுத்து மறுபடி எண்ணினார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். தாளில் ஏதோ எழுதிவிட்டு, "டீக், சரி. அடுத்த ஆள்" என்றார்.

நான் நகரவில்லை. "சாப், நாடி குறைவு இல்லையா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஹிந்தியில் பொறுமையாகத்தான் சொன்னார். "குறைவுதான். பாரம் தூக்குகிறவன் இதயம் ஒரே அடியில் நிறைய ரத்தம் தள்ளும். அதற்கு அடிக்கடி அடிக்க வேண்டியதில்லை. தலைசுற்றல், மயக்கம் வந்தால் மட்டும் வா. நகரு."

வெளியே என் ஜோடி காத்திருந்தார். "என்ன சொன்னாரு?" என்று கேட்டார். "நகருன்னு சொன்னாரு" என்றேன். "என்கிட்டயும் அதான் சொன்னாரு" என்றார். இருவரும் டீ குடித்தோம். எங்கள் இருவருக்குமே வேலை நிரந்தரமானது.

இப்போது நானும் மேஸ்திரி ஆகிவிட்டேன். மூட்டை தூக்குவதை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சிரித்தபோது எழுபத்தொன்று இருந்தது. கரும்பலகையில் எழுதியதை ஏறக்குறையத் தொட்டுவிட்டேன், அதுதான் என்னை உட்கார விடவில்லை. நாளை முதல் வேலைக்குப் பஸ்ஸில் போகாமல் ஹேடோவுக்கு மேடேறி நடந்து போவதாக இருக்கிறேன். வருகிறவர்கள் கூட வரலாம்.

ஒன்று மட்டும் உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. டாக்டர் பார்த்த அன்று டீ குடித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். நான் மட்டும் ஏதோ மறந்துவிட்டதாகச் சொல்லி ஷெட்டுக்குத் திரும்பினேன். யாரும் இல்லை. முதலுதவி அலமாரியைத் திறந்தேன். கதவின் உள்பக்கம் அந்தத் தாள் ஓரம் சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. கிளார்க்கின் மேசையிலிருந்து பென்சிலை எடுத்து, என் பேருக்கு எதிரே இருந்த எழுபத்திரண்டை அடித்து, நாற்பத்தாறு என்று எழுதினேன். பக்கத்தில் 'மூட்டை சுமப்பவன், நலம்' என்று தமிழில் எழுதினேன். யாருக்குப் புரியும் என்று யோசித்து, அதையே எனக்குத் தெரிந்த கோணல் ஹிந்தியிலும் எழுதினேன். பென்சிலை இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.